ஒரே பெட்டியில் குடும்பச் சொத்தா?

உங்கள் வீட்டில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். இல்லாவிட்டால் ஒரு பிஸ்கட் டின்னாவது இருக்கும். திறந்து பாருங்கள். பாட்டியின் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் அடையாளக் கார்டு, அப்பா மரம் சீவிய காலத்துச் சம்பளச் சீட்டு, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், தமிழ்ப் பள்ளி வாத்தியாரோடு பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் எல்லாம் அதில் கிடக்கும். தோட்டத்தை விட்டு வந்தபோது வாளியையும் காண்டாக் கம்பையும் விட்டு வந்தோம். அந்தப் பெட்டியை மட்டும் யாரும் விட்டு வரவில்லை.

காரணம் உண்டு. 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றார்கள். 1969ல் அது நடைமுறைக்கு வந்தபோது, இந்த நாட்டிலேயே பல காலம் பால் வெட்டியவர்கள் ஆயிரக் கணக்கில் கப்பலேற வேண்டியதாயிற்று. ஒரு கடுதாசி கையில் இருந்தவன் நின்றான், இல்லாதவன் போனான். இன்றைக்கும் சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு பதிவிலாகா வாசலில் நிற்கும் நம் பெரியவர்கள் உண்டு. கடுதாசியின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வாசகர்களே, அந்தத் தகரப் பெட்டி இப்போது உருவம் மாறிவிட்டது. இம்முறை அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

புதுப் பெட்டி வந்த கதை

மஸ்ஜித் தானா வட்டாரத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள். ஒரு மகன் சுங்கை ஊடாங் பக்கம் வேலை. இன்னொரு மகன் சிங்கப்பூரில். மகள் ஆயர் குரோவில் தொழிற்சாலைக்குப் போகிறாள். எல்லார் கையிலும் கைப்பேசி. கல்யாணம், காதுகுத்து, கோயில் பூச்சொரிதல், பேரப்பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தது எல்லாம் அதிலேதான். கைப்பேசி நிரம்பி வழிகிறது. விவரம் தெரிந்த மகன் என்ன செய்கிறான்? ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வாங்கி வந்து தாமான் வீட்டில், இன்டர்நெட் ரவுட்டர் பக்கத்தில் வைக்கிறான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டிலுள்ள எல்லாருடைய படமும் இன்டர்நெட் வழியாகத் தானாக வந்து அதில் விழுந்துவிடும்.

இதை நாஸ் என்பார்கள். சைனாலஜி, கியூநாப் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. வீட்டுக்கென்று ஒரு சொந்தக் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் தகரப் பெட்டியில் உள்ள பழைய பத்திரங்களையும் படங்களையும்கூட ஸ்கேன் செய்து அதில் போட்டுவிடுகிறான்.

"இரண்டு டிஸ்க் இருக்கிறது அம்மா. ஒன்று கெட்டால் மற்றொன்றில் அப்படியே இருக்கும். இனிக் கவலையில்லை" என்கிறான்.

நல்ல பிள்ளை. நல்ல காரியம். ஆனால் கவலை தீரவில்லை என்பதை அந்தப் பிள்ளைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு டிஸ்க், ஒரே கூரை

ஒன்றின் நிழல்போல மற்றொன்று நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும், அது உண்மை. ஆனால் வேறு நான்கு எதிரிகள் இருக்கிறார்கள்.

முதலாவது, இடி மின்னல். நம் நாட்டில் மாலை நேரத்து மழையில் மின்னல் எப்படி வெட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மின்கம்பி வழியாகவோ தொலைபேசிக் கம்பி வழியாகவோ வரும் அந்த அடி, பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் கருக்கிவிடலாம்.

இரண்டாவது, வெள்ளம், தீ, திருட்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்குள் ஆளுயரத்துக்கு ஏறியதை நாம் மறக்க முடியுமா? அந்தத் தண்ணீர் தகரப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று பேதம் பார்க்கவில்லை.

மூன்றாவது, கைத்தவறு. பேரன் விளையாட்டாக ஒரு படத் தொகுப்பை அழித்துவிட்டான் என்று வையுங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒன்றைப்போல் ஒன்று நடப்பவை அல்லவா? ஒன்றில் அழிந்த அதே நொடியில் மற்றொன்றிலும் அழிந்துவிடும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத திருடன். 2021 ஜூன் மாதம் பல நாடுகளில் 'மை புக் லைவ்' என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. இன்டர்நெட் வழியாக யாரோ புகுந்து சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பழைய மாடலுக்குக் கம்பெனி 2015க்குப் பிறகு பாதுகாப்புப் புதுப்பிப்பு கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2022 ஜனவரியில், 'டெட்போல்ட்' என்ற கும்பல் கியூநாப் பெட்டிகளுக்குள் நுழைந்து உள்ளே இருந்ததையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 0.03 பிட்காயின் கொடு என்று ஆளாளுக்கு ஓலை அனுப்பியது. கொள்ளைக்காரன் வீட்டுக்கே வராமல் வீட்டைக் கொள்ளையடிக்கும் காலம் இது.

ஆக, ஒரு கூரையின் கீழ் இரண்டு டிஸ்க் இருந்தாலும், பத்து டிஸ்க் இருந்தாலும், கணக்கில் அது ஒரே பிரதிதான்.

ஏட்டுச் சுவடி சொன்ன பாடம்

இந்த விஷயம் தமிழனுக்குப் புதிதல்ல. பனை ஓலை நிரந்தரமானதல்ல. கரையான் தின்னும், காலம் தின்னும். பழைய ஏடு இற்றுப் போவதற்குள் புது ஏட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். படியெடுத்தவை பல ஊர்களில் இருந்தால் நூல் பிழைக்கும். படியெடுக்க ஆள் இல்லாமல் போனால் நூல் சாகும்.

ஐம்பெருங்காப்பியம் என்று பள்ளியில் படிக்கிறோம். அவற்றில் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழுதாக இல்லை. சிதறிய சில பாடல்களே மிஞ்சின. ஆனால் சீவக சிந்தாமணி பிழைத்தது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிப் பல ஏடுகளைச் சேகரித்தார். ஒரு பிரதியில் சிதைந்த வரியை இன்னொரு பிரதியில் பார்த்து நிரப்பி, 1887ல் அதை அச்சில் கொண்டு வந்தார். பிரதிகள் வெவ்வேறு வீடுகளில் இருந்ததால் அது முடிந்தது.

நம் காலத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1981 மே 31ந் தேதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறு ஊரில் பிரதி இருந்த அச்சுப் புத்தகங்களை மறுபடி வாங்க முடிந்தது. அங்கே மட்டும் இருந்த ஓலைகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனது போனதுதான். 2005ல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து உலகம் முழுவதும் படிக்க வைத்திருக்கிறது. ஒரே இடத்தில் வைத்து இழந்தவர்கள் கற்ற பாடம் என்று அதைச் சொல்லலாம்.

நம் குடும்பத்துக்கும் அதே விதிதான். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட பிறகு, அந்த வாழ்க்கைக்குச் சாட்சி யார்? தாத்தா நின்று எடுத்த அந்த ஒரு படம்தான். கடையில் கேட்டால் கிடைக்குமா?

கிளவுட் என்றால் என்ன?

வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும் என்றால் இன்று அதற்குச் சுலபமான வழி கிளவுட். மேகம் என்று பெயர் இருப்பதால் வானத்தில் மிதப்பதாக எண்ண வேண்டாம். எங்கோ ஒரு கம்பெனி பெரிய கட்டடம் கட்டி, ஆயிரக் கணக்கில் கணினிகளை அடுக்கி, மாத வாடகைக்கு இடம் கொடுக்கிறது. பொருளைக் கிடங்கில் வாடகைக்கு வைப்பது போலத்தான்.

அந்தக் கட்டடமும் மண்ணில்தான் நிற்கிறது; அதற்கும் தீ உண்டு. 2025 செப்டம்பர் 26ந் தேதி தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத்தின் கணினி நிலையத்தில் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பு, 858 டெராபைட், அப்படியே அழிந்தது. அளவு பெரிது என்பதால் வேறு இடத்தில் பிரதி வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். பணமும் படிப்பும் உள்ள ஒரு நாட்டுக்கே இந்தக் கதி.

ஆகவே, வீட்டுப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். கிளவுட்டை மட்டும் நம்பாதீர்கள். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு வாய்பாடு இருக்கிறது: மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் மூன்று பிரதி. இரண்டு விதமான சாதனத்தில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக்குங்கள்.

செய்யும் முறை

இனி வேலைக்கு வருவோம். வீட்டில் நாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

1. முதலில் தரம் பிரியுங்கள். எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டியதில்லை. கடையில் வாங்கக்கூடிய சினிமாப் படமும் பாட்டும் போனால் போகட்டும். பத்திரங்கள், குடும்பப் படங்கள், பெரியவர்களின் குரல் பதிவுகள் ஆகியவை திரும்பக் கிடைக்காதவை. இவற்றைத் தனியாக ஒரு தொகுப்பில் வையுங்கள். பெரும்பாலும் இது நினைப்பதைவிடச் சிறிதாகவே இருக்கும். ஒரு படம் 3 மெகாபைட் என்றால், 10,000 படம் சேர்ந்தாலும் 30 கிகாபைட்தான்.

2. சரியான கருவியைப் பயன்படுத்துங்கள். சைனாலஜி பெட்டியில் 'ஹைப்பர் பேக்கப்', கியூநாப் பெட்டியில் 'ஹைப்ரிட் பேக்கப் சிங்க்' என்று ஏற்கெனவே உண்டு. இதில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். 'சிங்க்' என்பது கண்ணாடி போல. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 'பேக்கப்' என்பது பழைய நாள் பிரதிகளையும் வைத்திருக்கும். நமக்கு வேண்டியது பேக்கப்தான். திருடன் வீட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டாலும், அதற்கு முந்தின வாரத்துப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம்.

3. அனுப்புமுன் பூட்டுங்கள். "நம் வீட்டுப் படத்தையும் அடையாளக் கார்டையும் வெளியாட்கள் பார்த்துவிட மாட்டார்களா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. பேக்கப் அமைக்கும்போது மறையாக்கம் செய்யவா என்று அது கேட்கும். செய் என்று சொல்லுங்கள். எல்லாம் வீட்டிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய மூட்டையாகத்தான் வெளியே போகும். கிடங்குக்காரருக்கு மூட்டை தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

4. சாவியை வீட்டுப் பெட்டிக்குள்ளேயே வைக்காதீர்கள். அந்த மறையாக்கத்தின் கடவுச்சொல்லைத் தொலைத்தால் கம்பெனிக்காரராலும் திறக்க முடியாது. ஒரு தாளில் தெளிவாக எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தகரப் பெட்டியில் ஒன்று, நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒன்று என்று வையுங்கள்.

5. முதல் முறை பொறுமை வேண்டும். இன்டர்நெட்டில் இறக்கும் வேகம் வேறு, ஏற்றும் வேகம் வேறு; ஏற்றும் வேகம் குறைவாகவே இருப்பது வழக்கம். 500 கிகாபைட்டை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற, இரவு பகலாக ஏறத்தாழ ஐந்து நாளாகும். 50 மெகாபிட் என்றால் ஒரு நாளுக்குள் முடியும். பிள்ளைகள் பாடம் படிக்கும் நேரத்தில் வீட்டு இன்டர்நெட் நெருக்கடியாகாமல் இரவு 12 மணிக்கு மேல் ஓட வையுங்கள். முதல் முறை முடிந்துவிட்டால், பிறகு புதிதாக வந்ததும் மாறியதும் மட்டுமே போகும். அது சில நிமிட வேலை.

6. வாசலைச் சாத்துங்கள். பெட்டியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். வாங்கும்போது வந்த பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வெளியிலிருந்து நேரடியாகப் பெட்டிக்குள் நுழையும் வசதியை, அவசியம் இல்லாவிட்டால், மூடிவிடுங்கள். மின்னலுக்குக் காப்பு உள்ள பிளக் பலகை ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்.

7. திரும்ப எடுத்துப் பாருங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கிளவுட்டிலிருந்து ஒரு படத்தையும் ஒரு பத்திரத்தையும் வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி. தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கும்போது ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும் போதும், மறக்காது.

பெட்டி இல்லாத வீட்டில்?

"இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு ஐயா, எங்களிடம் கைப்பேசி மட்டும்தானே" என்பவர்களுக்கும் வழி உண்டு. வாய்பாடு ஒன்றேதான், சாமான் மட்டும் சிறிது.

கைப்பேசியில் உள்ளது ஒரு பிரதி. ஒரு சிறிய வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டால் இரண்டாவது. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட் மூன்றாவது. மின்னஞ்சலும் படங்களும் இந்த 15 கிகாபைட்டுக்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே முதலில் பத்திரங்களையும் பழைய படங்களையும் போடுங்கள். ஐந்தாயிரம் படம் வரை பிடிக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023ல் வந்த விதி. எனவே அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

பழைய படத்தைக் கைப்பேசியில் எடுக்கும்போது வெயில் நேராகப் படாத சன்னலோரத்தில் வைத்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாத முகத்தைப் பத்திரப்படுத்தி என்ன பயன்?

பத்திரங்களின் மூலப் பிரதியை எக்காரணத்தைக் கொண்டும் எறிந்துவிடாதீர்கள். ஸ்கேன் அதற்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்துபோனால், பத்திர எண்ணும் பதிவு செய்த இடமும் தேதியும் கையில் உள்ளவருக்குப் பதிவிலாகாவில் வேலை சுலபம். தாத்தா பத்து வெள்ளி கட்டி அங்கத்தினரான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பத்திரம் இருந்தால் அதையும் சேருங்கள். வாரிசுகள் போய்க் கேட்கும்போது எண் இல்லாமல் விழிக்க வேண்டாம். அடையாளக் கார்டுப் படத்தை மட்டும் முன்பின் தெரியாதவர் கேட்டால் அனுப்பாதீர்கள்.

சாவி யாரிடம்?

கடைசியாக ஒன்று. பெட்டி வாங்கியவன் மகன். கிளவுட் வாடகை அவனுடைய கார்டிலிருந்து போகிறது. கடவுச்சொல் அவன் மனசில் இருக்கிறது. அவன் சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டால்? வேலை போய், வாடகை கட்ட முடியாமல் விட்டுவிட்டால்? சொல்லக் கூடாத வார்த்தை, அவனுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? மூன்று பிரதி இருந்தும் ஒன்றைக்கூடத் திறக்க ஆளிருக்காது. மனித துக்கத்தோடு இந்தத் துக்கமும் சேரும்.

அதனால் இரண்டு பேருக்காவது வழி தெரிந்திருக்க வேண்டும். அண்ணனுக்குத் தெரிந்தது தங்கைக்கும் தெரியட்டும். எந்தக் கம்பெனியில் இருக்கிறது, எந்தப் பெயரில் இருக்கிறது, மாதம் எவ்வளவு, எப்படித் திறப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அந்தப் பழைய தகரப் பெட்டியிலேயே வையுங்கள். மின்சாரம் இல்லாதபோதும் படிக்கலாம். இடி விழுந்தாலும் அது கருகாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சாப்பிட வரும்போது, இலையைப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வீடு இன்று ராத்திரி வெள்ளத்தில் போய்விட்டால், தாத்தா படம் நாளைக்கு எங்கே கிடைக்கும்?" பிள்ளை சட்டென்று பதில் சொன்னால் மகிழ்ச்சி. தயங்கினால், சாப்பாடு முடிந்ததும் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள்.

அடுத்த முறை, பெரியவர்களின் குரலையும் அவர்கள் பாடிய தாலாட்டையும் கைப்பேசியில் தெளிவாகப் பதிவு செய்வது எப்படி என்று எழுதுகிறேன். அதுவரை உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.